ஒரே நாளில் மூன்று ஐ.ஏ. (இடைமனு) உத்தரவு: கேஸ் முடியும் முன்பே எதற்கு அப்பீல் போகலாம்?

கிணற்றுமேடு
வணக்கம். முன்சீப் கோர்ட்டில் எங்கள் ஓ.எஸ். (சிவில் கேஸ்) ஒன்று நடக்கிறது, நாங்கள்தான் வாதி. தோட்டத்துக்குப் போகிற வண்டிப்பாதையைப் பெரியப்பா மகன் அடைக்கப் பார்க்கிறார், அதற்காகப் போட்ட கேஸ். போன மாதம் ஒரே நாளில் மூன்று மனுவில் உத்தரவு சொன்னார்கள், மூன்றும் எங்களுக்கு எதிராக. ஒன்று, நாங்கள் கேட்ட இடைக்காலத் தடையாணை தள்ளுபடி. இரண்டு, இடத்தைப் பார்த்து அறிக்கை தர அட்வகேட் கமிஷனர் கேட்டோம், அதுவும் தள்ளுபடி. மூன்று, அவர்கள் எதிருரையை (எங்கள் கேஸுக்குத் தந்த எழுத்துப் பதிலை) திருத்த மனு போட்டார்கள், அதை அனுமதித்துவிட்டார்கள். "பாதை உரிமையெல்லாம் கிடையாது, சொந்தக்காரர் என்று நாங்கள் அனுமதித்துத்தான் போய்வந்தார்கள்" என்று புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள்.

வக்கீலைக் கேட்டால் "ஒன்றுக்கு அப்பீல் உண்டு, மற்றதற்கு இல்லை, பார்க்கலாம்" என்கிறார். தப்பான உத்தரவு என்றால் எல்லாமே தப்புதானே, அது எப்படி ஒன்றுக்கு மட்டும் அப்பீல்? உத்தரவு வந்து இன்றோடு 21 நாள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சந்தேகசாமி
மூன்றுக்கும் சேர்த்து ஹைகோர்ட்டில் 227 (அரசியலமைப்புச் சட்டப் பிரிவு) போடுங்கள் சார். ஸ்டே வாங்கினால் கீழ்கோர்ட்டில் எதுவும் நகராது. இந்தச் சட்டப் பிரிவெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தால் அவர் சுவரையே எழுப்பிவிடுவார்.

வாய்தாராணி
கிணற்றுமேடு, உங்கள் வக்கீல் சொன்னது சரி. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உத்தரவு தப்பா என்பது ஒரு கேள்வி, அதற்கு இப்போதே மேலே போகலாமா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் பாதி கட்சிக்காரர்கள் வக்கீல்மேல் சந்தேகப்படுகிறார்கள். ஒரு சிவில் கேஸ் முடிவதற்குள் சின்னதும் பெரிதுமாக இருபது முப்பது உத்தரவு வரும். ஒவ்வொன்றுக்கும் மேலே போகலாம் என்றால் அந்தக் கேஸ் பேரன் காலத்திலும் முடியாது. அதனால் 1908-ஆம் வருட உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. பிரிவு 104, அப்புறம் கட்டளை 43 விதி 1. அந்தப் பட்டியலில் உங்கள் உத்தரவு இருந்தால் சி.எம்.ஏ. (இந்த மாதிரி உத்தரவுக்கு எதிரான அப்பீல்) உண்டு. இல்லையென்றால் எவ்வளவு அநியாயமான உத்தரவாக இருந்தாலும் இப்போது அப்பீல் கிடையாது.

தடையாணை (கட்டளை 39 விதி 1, 2) கொடுத்தாலும் மறுத்தாலும் பட்டியலில் இருக்கிறது. உங்களுடையது முன்சீப் கோர்ட் உத்தரவு என்பதால் சப் கோர்ட்டில் சி.எம்.ஏ. போடலாம், 30 நாள். ரிசீவர் (சொத்தைப் பார்த்துக்கொள்ளக் கோர்ட் வைக்கும் ஆள்) நியமனம், தீர்ப்புக்கு முன் ஜப்தி, கேஸை வேறு கோர்ட்டுக்குக் கொண்டு போ என்று பிராதை (வாதியின் கேஸ் மனுவை) திருப்பித் தருவது, எக்ஸ்பார்ட்டி டிக்ரியை (பிரதிவாதி வராதபோது சொன்ன தீர்ப்பை) ரத்து செய்ய மறுப்பது, இதெல்லாமும் பட்டியலில் உண்டு. கமிஷனர் மறுப்பு இல்லை, திருத்தத்தை அனுமதித்தது இல்லை, கட்சி சேர்த்தது, ஆவணத்தை வாங்க மறுத்தது எதுவும் இல்லை.

பட்டியலை எழுதினவர்கள் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று நானே பலமுறை யோசித்திருக்கிறேன். தடையாணையை மறுத்து, கேஸ் முடிவதற்குள் பாதையில் வீடே எழும்பிவிட்டால், கடைசியில் ஜெயித்தும் இடிக்க ஓட வேண்டும், அதனால் இப்போதே ஒரு வாசல். கமிஷனர் மறுப்பை இறுதி அப்பீலில் கிளப்பிச் சரிசெய்ய முடியும், அதனால் காத்திரு என்கிறார்கள். எல்லா வரிக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது, ஆனால் பெரும்பாலும் பொருந்தும்.

கிணற்றுமேடு
நன்றி மேடம். அப்படியென்றால் கமிஷனரும் திருத்தமும் போனது போனதுதானா?

வாய்தாராணி
இல்லை. பிரிவு 105(1) என்று ஒன்று இருக்கிறது, யாரும் படிப்பதில்லை. அப்பீல் இல்லாத உத்தரவில் பிழை இருந்து, அது கேஸின் முடிவைப் பாதித்திருந்தால், கடைசித் தீர்ப்புக்கு எதிரான அப்பீலில் அதையும் ஒரு ஆட்சேபமாக எழுதலாம். 'கமிஷனரை அனுப்பியிருந்தால் பாதை கண்ணுக்குத் தெரிந்திருக்கும், அனுப்பாததால்தான் தோற்றோம்' என்று அப்போது சொல்லுங்கள். அப்பீல் கோர்ட்டே கமிஷனரை நியமிக்கவும் முடியும்.

அதற்கும் முன்னால் ஒன்று பாருங்கள். கமிஷனர் மனுவை எந்தக் காரணத்துக்காகத் தள்ளினார்கள்? 'ஆதாரம் திரட்ட கமிஷனர் கிடையாது' என்றா, 'இந்தக் கட்டத்தில் தேவையில்லை' என்றா? இரண்டாவது என்றால் சாட்சி விசாரணை தொடங்கினதும் மறுபடி மனு போடலாம். சூழ்நிலை மாறினால் இடைமனுவைத் திரும்பப் போடத் தடையில்லை, அதே காரணத்தை அப்படியே திருப்பிச் சொல்லக்கூடாது, அவ்வளவுதான். 227-க்கு ஓடுவதைவிட இது சுலபம்.

பழைய_குமாஸ்தா
தம்பி, எல்லாரும் பிரிவு பேசுகிறார்கள், நான் தேதி பேசுகிறேன். 21 நாள் என்கிறீர்கள். நகல் மனு போட்டது எந்தத் தேதி, நகல் தயார் என்று சொன்னது எந்தத் தேதி? நகல் மனு போட்ட நாளிலிருந்து தயாரான நாள்வரை 30 நாள் கணக்கில் சேராது, காலவரையறைச் சட்டம் பிரிவு 12. ஆனால் தயாரான பிறகு நீங்கள் போய் வாங்காமல் வீட்டில் உட்கார்ந்திருந்த நாள் கழிபடாது. முப்பது வருஷம் வக்கீல் ஆபீசில் இருந்தவன் சொல்கிறேன், சி.எம்.ஏ. தோற்பது பாதி வாதத்தால், மீதி இந்த ஒரு கணக்கால். தாமதமானால் பிரிவு 5-ல் மன்னிப்பு மனு போடலாம், ஆனால் 'தடையாணை அவசரம்' என்று சொல்லிக்கொண்டு தாமதத்துக்கும் மன்னிப்பு கேட்டால் ஜட்ஜ் முகத்தைப் பார்க்க முடியாது.

சந்தேகசாமி
நான் சொன்னதை யாரும் கண்டுகொள்ளவில்லை. என் கேஸில் நான் பிரதிவாதி. ஒரு திருத்த உத்தரவுக்கு எதிராக சி.ஆர்.பி. (சிவில் சீராய்வு மனு) போட்டு ஸ்டே வாங்கினேன், ஆறு வருஷம் கேஸ் அசையவில்லை. பட்டியல் இல்லை என்றால் 227 இருக்கிறதே?

வாய்தாராணி
சார், நீங்கள் பிரதிவாதி, கேஸ் நிற்பது உங்களுக்கு லாபம். அவர் வாதி. கையில் தடையாணை இல்லை, பாதை அடைபடப் போகிறது, இந்த நேரத்தில் அவரே தன் ட்ரையலை நிறுத்திவைத்தால் யாருக்கு நஷ்டம்? கமிஷனர் வேண்டும் என்று ஹைகோர்ட்டுக்குப் போய் இரண்டு வருஷம் காத்திருந்தால், கமிஷனர் வந்து பார்க்கும்போது அங்கே பாதை இருக்காது.

அப்புறம், 227 என்பது இன்னொரு அப்பீல் இல்லை. கீழ்கோர்ட் தன் எல்லையைத் தாண்டினதா, அல்லது செய்ய வேண்டியதைச் செய்யவே மறுத்ததா என்று பார்க்கிற கண்காணிப்பு அதிகாரம் அது. 'உத்தரவு தப்பு' என்பது மட்டும் போதாது. தடையாணை மாதிரி அப்பீல் வழி இருக்கிற இடத்தில் 227-க்குப் போனால் இன்னும் மோசம். 2019-ல் விருதுநகர் இந்து நாடார்கள் தர்ம பரிபாலன சபை வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் சொல்லிவிட்டது, நடைமுறைச் சட்டத்தில் அப்பீல் இருந்தால் 227-க்குக் கிட்டத்தட்ட முழுத் தடை என்று. ஆகவே மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு போனால் முதல் உத்தரவுக்கு 'சி.எம்.ஏ. போங்கள்' என்று திருப்பி அனுப்புவார்கள், அதற்குள் 30 நாள் முடிந்திருக்கும்.

நாலாம்வருஷம்
சட்டக் கல்லூரி மாணவன். ஒரு சந்தேகம்: சி.ஆர்.பி. என்றாலே உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 115 தானே? அதை ஏன் யாரும் சொல்லவில்லை?

வாய்தாராணி
115-ஐ 1999-ல் திருத்தி 2002 ஜூலை 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு ஒரு சோதனை இருக்கிறது: அந்த உத்தரவு சீராய்வு கேட்பவருக்குச் சாதகமாக வந்திருந்தால் கேஸ் அங்கேயே முடிந்திருக்குமா? முடிந்திருக்கும் என்றால் மட்டும் 115.

உதாரணம் பாருங்கள். பிராதை நிராகரிக்கச் சொல்லிப் பிரதிவாதி கட்டளை 7 விதி 11-ல் மனு போடுகிறார், தள்ளுபடி ஆகிறது. அனுமதித்திருந்தால் கேஸே முடிந்திருக்கும். எனவே 115-ல் சீராய்வு உண்டு. அதே மனுவை அனுமதித்தால்? பிராது நிராகரிப்பு சட்டப்படி ஒரு டிக்ரி, வாதி பிரிவு 96-ல் முழு அப்பீல் போட வேண்டும், கோர்ட் ஃபீஸும் அதற்கேற்பத்தான். ஒரே மனு, முடிவைப் பொறுத்து இரண்டு வேறு வழி. கமிஷனர் மறுப்பைச் சோதனையில் போட்டுப் பாருங்கள். கமிஷனரை அனுப்பியிருந்தால் கேஸ் முடிந்திருக்குமா? முடியாது. எனவே 115 இல்லை, மிச்சம் 227 மட்டும். நம் ஹைகோர்ட்டில் இரண்டுக்குமே சி.ஆர்.பி. என்று நம்பர் கொடுப்பதால்தான் இந்தக் குழப்பம்.

நாலாம்வருஷம்
புரிந்தது அக்கா. எக்ஸ்பார்ட்டி டிக்ரியை ரத்து செய்ய மறுத்தால் அப்பீல், ரத்து செய்தால் அப்பீல் இல்லை. ரிவ்யூ (அதே கோர்ட் தன் தீர்ப்பை மறுபடி பார்ப்பது) அதற்கு நேர் எதிர், அனுமதித்தால் அப்பீல், மறுத்தால் இல்லை. பரீட்சைக்கு மனப்பாடம் செய்யும்போது எரிச்சலாக இருந்தது, இப்போது யோசித்தால் முடிந்த விஷயத்தைத் திறப்பதா மூடுவதா என்று ஒவ்வொன்றிலும் ஏதோ கணக்கு இருக்கிறது.

பழைய_குமாஸ்தா
இந்தத் தலைவலி நம் ஊர் கோர்ட்டுக்கு நூறு வருஷத்துக்கு மேல் பழக்கம் தம்பி. சென்னை ஹைகோர்ட்டில் ஒற்றை நீதிபதி போட்ட உத்தரவுக்கு லெட்டர்ஸ் பேட்டன்ட் (ஹைகோர்ட்டின் சாசனம்) 15-ஆம் பிரிவில் அப்பீல் போகலாமா என்று வந்தபோது, துல்ஜாராம் ராவ் - அழகப்பச் செட்டியார் வழக்கில் தலைமை நீதிபதி ஆர்னால்டு வைட், உத்தரவின் பெயரைப் பார்க்காதே, அதன் விளைவைப் பார் என்றார். கல்கத்தா வேறு மாதிரி சொன்னது. 1981-ல் ஷா பாபுலால் கிம்ஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் உட்கார்ந்து பிரித்துக் கொடுக்கும்வரை இழுபறிதான். எங்கள் சீனியர் இதை டீ குடிக்கும்போதெல்லாம் சொல்வார், கேட்கிறவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

மல்லிமொட்டு
இடையில் கேட்கிறேன், மன்னிக்கவும். குடும்ப நல நீதிமன்றத்தில் என் தங்கைக்கு இடைக்கால ஜீவனாம்சம் மிகக் குறைவாகப் போட்டிருக்கிறார்கள். இதற்கு அப்பீல் உண்டா?

வாய்தாராணி
குடும்ப நல நீதிமன்றச் சட்டம் பிரிவு 19, இடைக்கால உத்தரவு தவிர மற்றவற்றுக்குத்தான் அப்பீல் என்கிறது. இந்து திருமணச் சட்டம் பிரிவு 24-ல் வந்த உத்தரவு என்றால் நம் ஹைகோர்ட்டுக்கு இவை வழக்கமாக சி.ஆர்.பி.யாகத்தான் வருகின்றன. குடும்ப வன்முறைச் சட்டத்தில் மாஜிஸ்ட்ரேட் போட்டதென்றால் வேறு, பிரிவு 29-ல் செஷன்ஸ் கோர்ட்டுக்கு 30 நாளில் அப்பீல். எந்தச் சட்டத்தில் வாங்கின உத்தரவு என்று முதலில் பார்த்துச் சொல்லுங்கள், தனி இழை தொடங்கினால் விரிவாக எழுதுகிறேன்.

எட்டாம்_நம்பர்
கிரிமினலில்? டிஸ்சார்ஜ் மனு (கேஸிலிருந்து விடுவிக்கக் கேட்டது) தள்ளுபடி. சாட்சியைத் திரும்ப அழைக்கும் மனுவும் தள்ளுபடி.

வாய்தாராணி
இரண்டும் ஒன்றல்ல. இடைக்கால உத்தரவுக்கு ரிவிஷன் (சீராய்வு) கூடாது என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 397(2)-லும் அதற்குப் பதிலாக வந்த இப்போதைய பி.என்.எஸ்.எஸ். 438(2)-லும் இருக்கிறது. 1977-ல் மது லிமாயே வழக்கில் நடுத்தரமாக ஒரு வகை இருக்கிறது என்றார்கள். உங்கள் ஆட்சேபத்தை ஏற்றிருந்தால் கேஸ் அங்கேயே முடிந்திருக்கும் என்றால் அது வெறும் இடைக்கால உத்தரவு இல்லை. டிஸ்சார்ஜ் அப்படி, அதனால் ரிவிஷன் உண்டு. சாட்சியைத் திரும்ப அழைக்க மறுத்தது வெறும் இடைக்கால உத்தரவு, ரிவிஷன் இல்லை. 115-க்குச் சொன்ன சோதனையேதான், சட்டை மாற்றிப் போட்டிருக்கிறது.

நெறியாளர்
தலைப்புக்குத் திரும்புவோம். கிரிமினல் கேள்விகளுக்குத் தனி இழை இருக்கிறது.

வரப்போரம்
யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் அடிபட்டவன் நான். எங்களுடையது பாகப்பிரிவினை கேஸ். முதல்நிலை டிக்ரி (யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்வது) வந்தது, எனக்கு மூன்றில் ஒன்று என்றார்கள், பாதி வர வேண்டியது. கேஸ்தான் இன்னும் முடியவில்லையே, இறுதி டிக்ரி வரட்டும், அப்போது சேர்த்து அப்பீல் போடலாம் என்று இருந்துவிட்டேன். இறுதி டிக்ரி வந்து அப்பீல் போட்டபோது பங்கு பற்றிப் பேசவே விடவில்லை. பிரிவு 97-ஆம். முதல்நிலை டிக்ரிக்கு அப்போதே அப்பீல் போடாதவன், பிறகு அதன் சரி தவறைக் கேட்க முடியாது. கேஸ் முடியும் முன் போகலாமா என்று எல்லாரும் கேட்கிறீர்கள், சில இடத்தில் போயே ஆக வேண்டும்.

வாய்தாராணி
மிக முக்கியமானது, நான்தான் விட்டுவிட்டேன். அப்பீல் கோர்ட் கேஸைத் திரும்பக் கீழ்கோர்ட்டுக்கு அனுப்புகிற ரிமாண்ட் உத்தரவும் அப்படித்தான், 105(2). அப்பீல் இருந்தும் போடவில்லையென்றால் பிறகு வாயைத் திறக்க முடியாது. மற்ற இடைக்கால உத்தரவுகளில் அப்பீல் போடாமல் விட்டாலும் கடைசி அப்பீலில் கிளப்பலாம் என்று 1960-லேயே சத்யத்யான் கோஷால் வழக்கில் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் தடையாணைக்கு இந்த ஆறுதலால் பயனில்லை. கேஸ் முடிந்தபிறகு இடைக்காலத் தடை எதற்கு?

சந்தேகசாமி
சரி, ஒப்புக்கொள்கிறேன். ஒரு கேள்வி மட்டும். ஸ்டே ஆறு மாதத்தில் தானாகக் காலாவதி ஆகிவிடும் என்று ஒரு தீர்ப்பு இருந்ததே? என் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் காட்டிக்கொண்டிருந்தார்.

நாலாம்வருஷம்
2018 ஏஷியன் ரீசர்ஃபேசிங் வழக்கு சார். 2024 பிப்ரவரி 29-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை மாற்றிவிட்டது. இப்போது தானாகக் காலாவதி கிடையாது.

சந்தேகசாமி
பார்த்தீர்களா, இன்னும் ஆறு வருஷம் ஓட்டலாம். (சும்மா சொன்னேன், அடிக்க வராதீர்கள்.)

கிணற்றுமேடு
இன்று வக்கீல் ஆபீஸ் போய்வந்தேன். நகல் மனு உத்தரவு வந்த நான்காம் நாளே போட்டிருக்கிறார், பதினேழாம் நாள் தயார். கமிஷனர் மனு 'இந்தக் கட்டத்தில் தேவையில்லை' என்றுதான் தள்ளியிருக்கிறார்கள். திருத்த மனுவில் எங்களுக்கு 500 ரூபாய் காஸ்ட் (செலவுத்தொகை) கட்டினால் அனுமதி என்று நிபந்தனை. அவர்கள் கட்டிவிட்டார்கள், நாங்கள் வாங்கிக்கொண்டோம்.

பழைய_குமாஸ்தா
நான்கிலிருந்து பதினேழு, இரண்டு முனையும் சேர்த்து 14 நாள் கழியும். ஆக 44-ஆம் நாள்வரை. ஆனால் 44 என்று எழுதி வைத்துக்கொண்டு 43-இல் போகாதீர்கள், கோர்ட் ஆபீசில் ஏதாவது குறை சொல்லித் திருப்பினால் ஒட்டித் தைக்க நாள் வேண்டும்.

வாய்தாராணி
காஸ்டை வாங்கிக்கொண்டீர்களா! அப்படியென்றால் திருத்தத்தை எதிர்த்து மேலே போகும் யோசனையை இங்கேயே விட்டுவிடுங்கள். நிபந்தனைப்படி வந்த காஸ்டைக் கையில் வாங்கினவர் அந்த உத்தரவைத் தப்பு என்று சொல்ல முடியாது என்பார்கள். எப்படியும் எதிருரைத் திருத்தத்தைக் கோர்ட்டுகள் தாராளமாகத்தான் அனுமதிக்கின்றன. அதற்குப் பதில் கட்டளை 8 விதி 9-ல் கோர்ட் அனுமதி வாங்கி மறு உரை (எதிருரைக்கு உங்கள் பதில்) தாக்கல் செய்யுங்கள். 'அனுமதித்துத்தான் போனார்கள்' என்ற வாதத்தைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். வசதியுரிமைச் சட்டத்தில் 20 வருஷப் பயன்பாட்டால் பாதை உரிமை கேட்கிறவருக்கு அனுமதி என்ற ஒரு சொல் விஷம். உரிமையாகத்தான் போனோம் என்று ஆவணத்தோடு சொல்ல வேண்டிய இடம் அந்த மறு உரை.

சி.எம்.ஏ.யில் ஒரு எச்சரிக்கை. மேல்கோர்ட் எல்லாவற்றையும் புதிதாக எடை போடாது. முகாந்திரம், யாருக்கு அதிக இடைஞ்சல், ஈடுசெய்ய முடியாத நஷ்டம் இந்த மூன்றையும் கீழ்கோர்ட் ஏறுமாறாகப் பார்த்திருந்தால்தான் தலையிடும், 1990 வாண்டர் வழக்கு. 'நானாக இருந்தால் வேறு மாதிரி முடிவு செய்திருப்பேன்' என்பது போதாது. உங்கள் எந்த ஆவணத்தைக் கீழ்கோர்ட் பார்க்கவே இல்லை என்று தேடுங்கள், அதுதான் ஆயுதம். சி.எம்.ஏ. போட்டதாலேயே அவர் கை கட்டப்படாது, கூடவே இடைக்காலத் தடை கேட்டு மனு போட வேண்டும். சி.எம்.ஏ.யில் தோற்றால் இரண்டாம் மேல்முறையீடு கிடையாது, 104(2). அப்புறம் 227 மட்டும்தான்.

வரப்போரம்
அவர்கள் கேவியட் போட்டிருக்கிறார்களா என்று சப் கோர்ட்டில் பாருங்கள். போட்டிருந்தால் அவர்களுக்குத் தகவல் சொல்லாமல் உங்களுக்கு அன்றே உத்தரவு கிடைக்காது.

கிணற்றுமேடு
கேவியட் போட்டிருக்கிறார்கள், போன வாரமே. என்னைவிட அவர்கள் வக்கீலுக்கு இந்தப் பட்டியல் நன்றாகத் தெரிந்திருக்கிறது. சி.எம்.ஏ. வருகிற திங்கள் தாக்கல். கீழ்கோர்ட் பார்க்காத ஆவணம் ஒன்று கிடைத்தது, 1987 கிரயப் பத்திரத்தில் தெற்கு எல்லை 'வண்டிப்பாதை' என்றே எழுதியிருக்கிறது, எழுதிக் கொடுத்தவர் அவருடைய அப்பா, அதாவது என் பெரியப்பாவே. மறு உரையிலும் இதையே வைக்கச் சொல்லியிருக்கிறேன். கமிஷனர் மனு சாட்சி விசாரணையின்போது.

பழைய_குமாஸ்தா
அந்தப் பத்திரம் கீழ்கோர்ட்டில் ஐ.ஏ.யோடு தாக்கல் ஆகியிருந்ததா, அல்லது பீரோவில் இருந்ததா? அதைப் பார்த்துவிட்டுத் திங்கள் கிழமை போங்கள் தம்பி.

கிணற்றுமேடு
தாக்கல் ஆகியிருக்கிறது ஐயா, ஆவணப் பட்டியலில் ஐந்தாவது. உத்தரவில் நான்கு வரைக்கும்தான் பேசியிருக்கிறார்கள்.